பொருத்துகிறவரின் கூலி

ஏ.சி. வாங்கப் புறப்படுகிற நம்மவர் ஒருவர், அம்பத்தூர் ஓ.டி.யிலோ ஆவடி செக்போஸ்ட் அருகிலோ உள்ள கடைக்குக் குடும்பத்தோடு சென்று, மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கணக்கிட்டு, நான்கு கம்பெனிகளின் உத்தரவாதங்களை ஒப்பிட்டு, தவணைக்கு வட்டி உண்டா இல்லையா என்று இரண்டு முறை கேட்டுத் தெளிந்து, கடைசியில் இன்னும் ஓர் ஆயிரம் ரூபாய் குறையுமா என்று மன்றாடிப் பார்க்கிற அளவுக்கு ஜாக்கிரதை உள்ளவராகவே இருக்கிறார். அதே மனிதர், அந்த இயந்திரத்தைத் தம் வீட்டுச் சுவரில் பொருத்த வருகிறவர் யார், எங்கே தொழில் கற்றவர், கையில் என்னென்ன கருவிகள் கொண்டு வருவார் என்று ஒரு வார்த்தையும் விசாரிப்பதில்லை. "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ சார்" என்று கடைக்காரப் பையன் சொன்ன மாத்திரத்தில் அந்த விஷயம் அவர் மனத்தை விட்டு நீங்கிவிடுகிறது. நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருள் பத்தாண்டு உழைக்குமா, இரண்டாம் கோடையிலேயே படுத்துவிடுமா என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது இலவசமாக வந்த அந்த இரண்டு மணி நேர வேலைதான் என்பதை என் சொந்த அனுபவத்தில் அறிந்தவன் என்ற முறையில், இதைப் பொதுஜனங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்னையின் மேற்குப் புறநகர்களில் ஏ.சி. இன்று ஆடம்பர வஸ்து அன்று. மெரினாவிலும் திருவான்மியூரிலும் நண்பகலை ஒட்டியே கடற்காற்று நுழைந்து ஆறுதல் அளிக்கிற நாட்களிலும், உள்ளே தள்ளியிருக்கிற கொரட்டூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் பட்டாபிராமுக்கும் அது வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது; சில நாட்கள் வராமலே போய்விடுவதும் உண்டு. 2003 மே 31 அன்று கடலுக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவாயிற்று என்றால், பூந்தமல்லிக்காரர் அன்று பட்ட பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. ஒரு கிரவுண்டு மனை பாதியாகவும் காலாகவும் துண்டாகி, கிணறும் வேம்பும் இருந்த கொல்லைகளில் மூன்று மாடிகள் எழுந்துவிட்ட இந்நாளில், மொட்டை மாடி பகலெல்லாம் குடித்த வெயிலை நள்ளிரவு வரையில் கீழே உள்ள அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறது. தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிற தொழிலாளி, பகலில் உறங்கியாக வேண்டிய நிர்ப்பந்தம் உள்ளவர். அவருக்கும், வயோதிகருக்கும், பச்சிளங்குழந்தை உள்ள வீட்டாருக்கும் அந்தச் சுவரில் தொங்குகிற பெட்டி மருந்துக்குச் சமானம்.

இங்கே முதலில் தெளிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கடையில் நாம் பணம் கொடுத்து வாங்குவது முழு இயந்திரம் அன்று. ஓர் இயந்திரத்தின் இரண்டு பாதிகள். உள்ளே தொங்குகிற இண்டோர் யூனிட் ஒரு பாதி, வெளியே ஸ்டாண்டின்மேல் நிற்கிற அவுட்டோர் யூனிட் மறு பாதி. இவ்விரண்டையும் காப்பர் பைப்பால் இணைத்து, அந்தச் சுற்றுக்குள் காற்றோ ஈரமோ அணுவளவும் தங்காதபடி மூடி, வாயுவை உள்ளே ஓடவிட்ட பிறகே இயந்திரம் இயந்திரமாகிறது. ஆகவே உற்பத்தியின் கடைசிக் கட்டம் தொழிற்சாலையில் நடப்பதில்லை. நம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, ஓர் இளைஞன் குந்தி உட்கார்ந்திருக்கிற சன்ஷேடின் மேல் நடக்கிறது.

இதை அம்பத்தூர்க்காரருக்கு விளக்குவது சுலபம் என்று நான் எண்ணுகிறேன். 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்து, 1960களில் தொழிற்பேட்டை எழுந்து, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ல் விஜயந்தா டாங்கி வெளிவந்த பிரதேசம் இது. இங்குள்ள தெருக்களில் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் லேத் ஓட்டினவரோ, ஃபிட்டரோ, தரப்பரிசோதனையில் வேலை செய்தவரோ இருப்பார். மைக்ரோமீட்டரில் ஒரு நூலிழை பிசகினாலும் முழுத் தட்டையும் ரிஜெக்ட் செய்கிற கண்கள் அவை. அந்தக் கண்களை உடையவர்கள், தம் வீட்டில் பைப்பின் முனை எப்படி வெட்டப்படுகிறது, பிசிறு நீக்கப்படுகிறதா, எக்காளத்தின் வாய்போல் அதை விரிக்கிற ஃப்ளேரிங் ஒழுங்காக இருக்கிறதா, நட்டு வேண்டிய அளவுக்குத்தான் முடுக்கப்படுகிறதா என்பதைப் பார்க்காமல் உள்ளே தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. அவ்வாறு அமர்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தின் ஓர் இரவு எட்டரை மணிக்கு, கொரட்டூரில் உள்ள என் வீட்டு மேல்மாடிக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். அன்றைக்கு அது அவர்களுக்கு ஏழாவது வீடு. முகத்தில் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஐம்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. "வேக்குவம் போட வேண்டாமா, தம்பி?" என்று, எங்கோ படித்த ஞாபகத்தில், கேட்டு வைத்தேன். "தேவையில்ல சார், கேஸைக் கொஞ்சம் தொறந்து வுட்டா உள்ள இருக்கிற காத்து தானா வெளிய வந்துரும்" என்று அதில் பெரியவன் சொன்னான். புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது, அறை குளிர்ந்தது, நானும் திருப்தி அடைந்து, ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் புஸ்ஸென்ற சத்தத்தில் என்ன நிகழ்கிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். வேக்குவம் பம்பு என்கிற கருவி, குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியேற்றுகிறது. சாதாரணக் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். பம்பு ஓட ஓட அது இறங்கி, அரை மில்லிமீட்டர் அளவுக்கு, தொழிலாளர் பாஷையில் 500 மைக்ரானுக்கு, வந்து நிற்க வேண்டும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் நீர், நெருப்பே இல்லாமல், அறையின் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், குழாயின் சுவரில் ஒட்டியிருக்கிற ஈரமும் காற்றோடு வெளியேறிவிடுகிறது. இதற்கு இருபது நிமிஷம் முதல் அரைமணி நேரம் பிடிக்கும். கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுகிறவர் இந்த அரைமணியை மிச்சம் பிடிக்கிறார். ஆயின் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அது கம்ப்ரஸரின் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, உள்ளிருக்கிற காயிலை மெல்ல மெல்ல அரிக்கிறது. தங்கிய காற்றோ, வாயு திரவமாக மாறுகிற இடத்தில் குறுக்கே நின்று அழுத்தத்தைக் கூட்டி, மின்சாரத்தை அதிகம் குடிக்கச் செய்கிறது. வெளியே போன வாயுவும் வெறும் ஆவியன்று. இந்நாளில் பெரும்பாலான ஏ.சி.க்களில் இருக்கிற ஆர்-32, பூமியைச் சூடாக்குகிற சக்தியில் கரியமில வாயுவைப் போல் 675 மடங்கு வலியது. பழைய ஆர்-410ஏ அதனினும் மும்மடங்கு. போதாக்குறைக்கு ஆர்-32 தீப்பற்றும் தன்மை சிறிது உடையது. காற்றோடு கலந்த நிலையில் அதை இயந்திரம் அழுத்த நேர்ந்தால் கம்ப்ரஸர் வெடிக்கிற ஆபத்தும் உண்டு.

மறு வருஷம் பங்குனியிலேயே அறை குளிரவில்லை. வந்து பார்த்தவர் "கேஸ் தீந்துபோச்சு, ஏத்தணும்" என்றார், ஏற்றினார், மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். ஆனியில் மறுபடியும் அதே கதை. இந்த ஓர் இடத்தை வாசகர்கள் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன்: ஏ.சி.யில் உள்ள கேஸ், ஸ்கூட்டரில் ஊற்றுகிற பெட்ரோலைப் போலச் செலவாகித் தீர்கிற பொருள் அன்று. மூடிய சுற்றில் அது சுழன்றுகொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்றே அர்த்தம். ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலும் மேலும் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாகும். அதற்கிடையில் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடி, இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. நம் மாநிலத்துக் கட்டண அமைப்பில் அந்த எல்லையைக் கடந்ததும் மேற்படிகளின் கட்டணம் கூடுவதோடு கீழ்ப்படிகளின் சலுகையும் குறைந்துவிடுகிறது என்பதைப் பில்லைப் பார்த்த எல்லாரும் அறிவார்கள்.

இப்படி நேர்ந்ததற்கு அந்த இரண்டு பையன்களை நிந்திப்பது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயம். "இலவசம்" என்ற சொல்லுக்குப் பின்னால் நடப்பது என்னவென்றால், கம்பெனி ஒரு தொகையை ஏஜென்சிக்கு அளிக்கிறது. ஏஜென்சி அதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை வீட்டுக்கு இவ்வளவு என்று தொழிலாளிக்குக் கொடுக்கிறது. வருஷத்தில் மூன்று மாதமே வேலை குவிகிற தொழிலில், ஒரு நாளைக்கு மூன்று வீடு செய்து சாஸ்திரோக்தமாக வேலை பார்ப்பவனுக்கு அரை வயிறு; ஏழு வீடு செய்து அவசரப்படுகிறவனுக்கே முழு வயிறு. அரைமணி நேரம் பம்பு ஓடுகிறது என்றால் அந்த அரைமணி அவன் கூலியிலிருந்து போகிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நாம் அவனிடம் நேர்மையை எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? அவனுடைய உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் மாடியின் வெளிச்சுவரில், ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, மறு கையால் நாற்பது கிலோ அவுட்டோர் யூனிட்டைத் தாங்கிக்கொண்டு, இடுப்பில் பெல்ட்டும் இல்லாமல் நிற்கிற பையனை நம் தெருக்களில் ஒவ்வொரு கோடையிலும் காண்கிறோம். பெல்ட் இல்லாதவரை ஏற விடமாட்டேன் என்று சொல்லுகிற அதிகாரம் அந்த வீட்டுக்காரருக்கு உண்டு. அதை உபயோகிப்பவர் மிகச் சிலர்.

ஆகவே நான் சொல்ல வருவது, கூலியை நாமே தனியாக, தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பதே. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதில், முன்பு நாற்பதாயிரத்துக்கு விற்ற இயந்திரத்தில் ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய் நமக்கு மிச்சமாகிறது. அந்தப் பணத்தை இன்னும் பெரிய நட்சத்திரத்தில் போடுவதைக் காட்டிலும், நன்றாகப் பொருத்துகிற கைக்குக் கொடுப்பதே லாபம். ஐந்து நட்சத்திர இயந்திரத்தைக் கெடுத்துப் பொருத்தினால் அது மூன்று நட்சத்திரத்தின் குணத்தைக் கூடக் காட்டாது. சித்திரை வெயில் தலைக்கேறிய பின் ஓடுவதை விட, தை மாசியில், மெக்கானிக்குக்கு நேரம் இருக்கிற காலத்தில் அழைத்தால், அவரும் நிதானமாகச் செய்வார். நாமும் நிதானமாக விசாரிக்கலாம்.

விசாரிப்பது என்றால் என்ன? நல்ல காண்ட்ராக்டரை அடையாளம் காண்பதற்கு நான் ஒரே ஒரு பரீட்சையை நம்புகிறேன். அவர் விலை சொல்வதற்கு முன் வீட்டுக்கு வந்து அறையைப் பார்க்கிறாரா, அல்லது போனிலேயே "ஒன்றரை டன் போடுங்க சார்" என்று முடித்துவிடுகிறாரா என்பதே அது. இந்த "டன்" என்கிற அளவுக்கே நம் ஊரோடு ஒரு பூர்வ சம்பந்தம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி அனுப்பிய ஃப்ரெடெரிக் டியூடரின் சரக்கைச் சேமிக்க, 1842ல் மெரினாக் கரையில் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். 1897ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அதுவே இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. குளிர் என்பதே பனிக்கட்டியாக விலைபோன அந்தக் காலத்தின் மிச்சமாக, ஒரு டன் பனிக்கட்டியை இருபத்துநான்கு மணி நேரத்தில் உருக்குகிற வெப்பம் எவ்வளவோ, அதை வெளியேற்றுகிற சக்தியே ஒரு டன் என்று இன்றளவும் கணக்கிடுகிறோம். அப்படியானால், அறையில் எவ்வளவு வெப்பம் சேர்கிறது என்று அறியாமல் எத்தனை டன் என்று எவ்வாறு சொல்ல முடியும்? மேல்மாடியா, நடுமாடியா? மேற்குச் சுவர் வெயிலை நேரே வாங்குகிறதா? தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்திருக்கிறதா, வெறும் கான்கிரீட்டா? அறையில் உறங்குபவர் எத்தனை பேர்? இவற்றையெல்லாம் கேட்டு, "முதல்ல மொட்டை மாடிக்கு வெள்ளை அடிங்க, அப்புறம் ஒரு டன்னே போதும்" என்று சொல்லித் தம் வியாபாரத்தைத் தாமே குறைத்துக்கொள்கிற மெக்கானிக் ஒருவரை நீங்கள் சந்திப்பீர்களாயின், அவரை விட்டுவிடாதீர்கள். தேவைக்கு மிஞ்சிய டன்னும் நம் ஊருக்கு நல்லதன்று. அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடுவதால், கசகசவென்கிற புழுக்கத்தை அது உறிஞ்சுவதில்லை.

அதே மனிதர் அவுட்டோர் யூனிட்டின் அனல் அடுத்த வீட்டு ஜன்னலில் வீசாமலும், டிரைன் பைப்பின் நீர் கீழ்வீட்டார் துணி உலர்த்துகிற இடத்தில் சொட்டாமலும் இடம் பார்ப்பார். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் இரண்டடியே உள்ள நம் தெருக்களில், இது எத்தனை வருஷத்துச் சிநேகத்தைக் காக்கிறது என்பதை அனுபவித்தவர் அறிவர்.

மின்சாரத்தைப் பற்றி எச்சரிக்கையாக ஒன்று. முப்பது வருஷத்துக்கு முன், இரண்டு மின்விசிறிக்கும் ஒரு குழல்விளக்குக்குமாக இழுத்த வயரில் ஒன்றரை டன் ஏ.சி.யை மாட்டுவது தீயை வீட்டுக்கு அழைப்பதாகும். மீட்டர் பலகையிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., ஒழுங்காக வேலை செய்கிற எர்த் ஆகிய மூன்றும் இல்லாமல் இயந்திரத்தை ஓட்ட மறுக்கிற மெக்கானிக்கே நம் உறவினர். குளியலறைக் கீசருக்கும் எர்த் விஷயத்தில் இதே விதிதான், இன்னும் கடுமையாக.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. வீட்டுக்கு வயரிங் செய்கிறவர் அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது சட்டம்; தமிழ்நாட்டில் அதற்கென்றே மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. அந்த வயரின் முனையில், தீப்பற்றும் வாயு நிறைந்த இயந்திரத்தைப் பொருத்துகிறவருக்கு எந்த உரிமமும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1990களிலிருந்தே, குளிர்பதன வாயுவைக் கையாள்பவர் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், ஐரோப்பாவிலும் பின்னர் அவ்வாறே. மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், ஒரு லட்சம் பணியாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பதை லட்சியமாகக் கொண்டது. ஆனால் சான்றிதழ் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கூலியில் வித்தியாசம் இல்லாதவரை அந்தச் சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மின் உரிமத்தைப் போலவே ஏ.சி. பொருத்துவோருக்கும் ஓர் எளிய உரிமத்தை மாநில அரசு ஏற்படுத்த வேண்டும். குளிர்பதனத் தொழிலுக்கு ஐ.டி.ஐ.களில் இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. ஆயினும் வேலையிலேயே வளர்ந்த ஆயிரக்கணக்கான பையன்களை மறுபடி இரண்டு வருஷம் பள்ளிக்கு அனுப்புவது சாத்தியமன்று. அவர்களுக்காக, வேலை குறைந்த ஐப்பசி கார்த்திகை மாதங்களில், படித்தொகையோடு கூடிய சில வாரப் பயிற்சியை அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலேயே தொடங்கலாம். உரிமத்தை அவர்களை விரட்டுகிற கோலாக அல்லாமல், கூலியை உயர்த்துகிற ஏணியாக அமைப்பது அரசின் பொறுப்பு.

அதுவரையில் நம்மைக் காப்பது எழுத்து ஒன்றே. எத்தனை மீட்டர் பைப், அதன் கனம் எவ்வளவு, ஸ்டாண்டு யார் செலவு, வேக்குவம் உண்டா, ஒழுகினால் எத்தனை மாதம் வரை இலவசமாகச் சரிசெய்து தருவார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கி, ரசீதும் பெற்றுக்கொண்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் நிற்கும். 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். அதற்கும் பலனில்லையெனில், ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்குக் கட்டணமே இல்லாமல், நாம் வசிக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். என்னிடம் அன்று ரசீது இல்லை. வாய்ப்பேச்சைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

மூன்றாம் முறை கேஸ் போனபோது, தொழிற்பேட்டையில் குளிர்பதனப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை நண்பர் அனுப்பி வைத்தார். கேஸ் சிலிண்டரை அவர் முதலில் தொடவே இல்லை. நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரையை ஒவ்வொரு நட்டிலும் தடவி, கண்ணாடியை மூக்கின் நுனியில் இறக்கிக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது நட்டில் நுரை மெல்ல ஊதியது. கழற்றிக் காட்டினார், விரித்த வாயில் மயிரிழை போல் ஒரு விரிசல். "அதிகமா முடுக்கிட்டாங்க சார். பாவம், அவசரம்" என்றார். முனையை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டிவிட்டுப் பம்பை மாட்டினார். அது ஓடிய அரைமணியும் நான் மொட்டை மாடிப் படியில் அவரோடு அமர்ந்திருந்தேன். பம்பை நிறுத்திய பின்னும் எழவில்லை, முள் ஏறுகிறதா என்று பத்து நிமிஷம் பார்த்தார், ஏறவில்லை. பிறகு கேஸை எடைபோட்டு ஏற்றி, பையிலிருந்து ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் தேதியையும், பைப்பின் நீளத்தையும், ஏற்றிய கேஸின் எடையையும், தம் போன் நம்பரையும் எழுதினார். எதற்கு என்று கேட்டேன். "நாளைக்கு வேற யாராவது வந்தாலும், என்ன செஞ்சிருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும் இல்லையா சார்" என்றார். மூன்று மணி நேர வேலைக்கு அவர் கேட்ட கூலியைக் குறைக்கச் சொல்லி நான் வாய் திறக்கவில்லை. மேற்கு வெயிலில் அந்த எழுத்து இப்போது சற்று வெளிறியிருக்கிறது. எடையும் தேதியும் இன்னும் படிக்க முடிகிறது.